துரும்பு கிள்ளும் கை

"தாலிய நாளைக்குக் காலையிலேயே கழட்டி, மஞ்சத் தண்ணியில கழுவி வச்சிரு ஆயி. கூட்டம் முடிஞ்ச கையோட கேப்பாங்க."

மாமியார் வேலாயி இதைச் சொன்னபோது சண்முகவடிவின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போட இரண்டு பேருக்கும் கை வரவில்லை.

"யாரு கேப்பாங்க?" என்றாள் வடிவு.

வேலாயி வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் போட்டிருந்த பலகையில் தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பஞ்சாயத்துக்கும் அவர்தான். மூன்று தலைமையும் ஒரே வாயில் இருந்ததால் அந்த வாய் எப்போதும் நிறைந்தே இருந்தது.

"உள்ளதச் சொல்லிப்புடுறேன் வடிவு," என்று அவர் எச்சிலை வாசலில் துப்பிவிட்டு ஆரம்பித்தார். "ஒம் புருசன் நல்லமுத்து இப்ப நம்ம நல்லமுத்து இல்ல. லண்டனுக்குப் போயி கலாநிதிப் பட்டம் வாங்கியாச்சு. பல்கலைக்கழகத்துல பெரிய பெரிய தொரமாருக்கே படிச்சுக் குடுக்குது. நாளைக்கு நம்ம கோயில் மைதானத்துல பாராட்டு விழா. ஹட்டன்லேருந்து கலை மன்றத்துக்காரங்க வாராங்க. போட்டோ புடிக்கிறாங்க. பேப்பர்ல வரப் போவுது."

"அது தெரியும். கோயில் சொவத்துல ஒட்டியிருக்குதே."

"கூடப் படிச்சுக் குடுக்கிற ஒரு அம்மாவும் வாராங்க. சுகிர்தம்னு பேரு. பதுளைப் பக்கத்துப் பாதிரியார் மக." ஆண்டியப்பன் வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். "அடுத்த மாசம் அவங்க ரெண்டு பேருக்கும் கண்டியில பதிவுக் கல்யாணம். அந்த அம்மாவுக்கு இங்கத்தச் சங்கதி ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம். அதுனால நம்ம வழக்கப்படி துரும்பக் கிள்ளிக் குடுத்துட்டா, நாளைக்கு எவனும் வாயத் தெறக்க முடியாது. கூட்டம் முடிஞ்சதும் கோயிலுக்குப் பின்னால நாலு பெரியாளுங்கள வச்சுச் சத்தமில்லாம முடிச்சிருவோம். அதுவரைக்கும் நீ கூட்டத்துப் பக்கம் தல காட்டாத."

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டியை உறவறுத்துத் தீர்த்துவிட வேண்டுமென்றால் அரசாங்கக் கச்சேரிக்குப் போவதில்லை. பதிவு செய்யாத கல்யாணத்துக்குக் கச்சேரியில் என்ன வேலை? பஞ்சாயத்தைக் கூட்டி, பெண்டாட்டியின் குறையைச் சொல்லி, அவள் முகத்துக்கு நேராக ஒரு துரும்பைப் பிடித்து இரண்டாகக் கிள்ள வேண்டும். ஒரு துண்டைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, மறு துண்டை அவள் மடியில் போட்டு, "கொடுத்ததும் முடிஞ்சது, கொண்டதும் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவள் வாய் திறக்காமல் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்தியாவில் இதற்கு வைக்கோல் எடுப்பார்களாம். வைக்கோல் கிடைக்காத மலையில் மானாப்புல்லின் காய்ந்த தாள்தான் துரும்பு.

இந்த வழக்கத்துக்கு ஒரு குட்டி வழக்கமும் இருந்தது. கொஞ்சம் முறுக்கான ஆண்பிள்ளைகள் வீட்டு நிலைக்கு மேலே ஒரு மானாப்புல் தாளைச் செருகி வைத்திருப்பார்கள். குழம்பில் உப்புக் கூடினாலும், பதில் பேச்சில் காரம் கூடினாலும் அதை அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பார்கள். அவ்வளவுதான், வீடு அடங்கிவிடும். தலைவர் ஆண்டியப்பன் வீட்டு நிலையிலும் அப்படி ஒன்று இருந்தது. அவர் மனைவி பேச்சியம்மா கல்யாணமாகி வந்த வருஷத்தில் செருகியது. புகை படிந்து கறுத்துப் போயிருந்தது. பேச்சியம்மா தினமும் அதற்குக் கீழேதான் குனிந்து போய் வந்தாள்.

"குறை சொல்லணுமே தலைவரே," என்றாள் வடிவு. அவள் குரல் தணிந்தே இருந்தது. "என்ன குறை சொல்லப் போறீங்க?"

ஆண்டியப்பனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் தாராள மனசோடு பதில் சொன்னார். "உன் நடத்தையில குறை சொல்ல முடியுமா? சொன்னா நாக்கு அழுகிப் போயிரும். புள்ள இல்லாததத்தான் சொல்லணும். மலடின்னு ஒரு வார்த்த. அதுல உனக்கு என்ன கொறஞ்சு போவுது?"



மலடி! கல்யாணம் முடிந்த கையோடு ஹட்டன் பள்ளிக்கூடத்து விடுதிக்குப் போனவன், அங்கிருந்து பல்கலைக்கழகம் போனவன், அங்கிருந்து கப்பலேறியவன். தீபாவளிக்கு ஒருமுறை, திருவிழாவுக்கு ஒருமுறை என்று வந்து, வந்த அன்றே போகத் துடித்தவன். அவன் இந்த ஒற்றையறைக் காம்பராவில் படுத்தெழுந்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். லண்டனிலிருந்து திரும்பிய பிறகு ஒரு நாள்கூட வரவில்லை. இவள்தான் மழையிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்து கிள்ளி, அவன் தாய்க்குக் கஞ்சி ஊற்றி, அந்தத் தாய்க்குக் காய்ச்சல் கண்டபோது டிக்கோயா ஆஸ்பத்திரி வரை தோளில் சாய்த்துக் கூட்டிப்போய் வந்தாள். அவன் பெயருக்குப் பின்னால் பட்டம் வந்திருக்கிறது. இவள் பெயருக்கு முன்னால் மலடி வரப்போகிறது.

"ரொட்டி தீயுது," என்றாள் வேலாயி மெதுவாக.

"தீயட்டும்," என்றாள் வடிவு.

ஆண்டியப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவள் அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. ஒத்துக்கொண்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு போனார். பஞ்சாயத்துக்காரர்கள் பெண்பிள்ளைகளின் மௌனத்தை எப்போதும் இப்படித்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

அவர் தலை மறைந்ததும் வேலாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் என்னா பண்ணுவேன் ஆயி? எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள. ஒன்ன விட்டுட்டு அவன்கூடப் போயிருவேன்னு நெனைக்காத. அவன் கூப்புட்டாத்தானே போறது?"

"கூப்புட்டா போவீங்களா அத்த?"

வேலாயியின் கண் தகரப் பெட்டிப் பக்கம் போனது. புதுச் சேலை ஒன்று அவள் பெட்டிக்கு மேலே மடித்து வைத்திருந்தது. மகன் கொடுத்தனுப்பியது. விழாவில் முன் வரிசையில் உட்காருவதற்காக. அதுதான் பதில்.

அன்று வடிவு சாப்பிடவில்லை. அவளுக்குக் கோபத்தைவிட ஒரு ஞாபகம்தான் பெரிதாக எரிந்தது.

லண்டனுக்குப் போகுமுன் கடைசியாக வந்த லீவில் நல்லமுத்து அவளோடு உட்கார்ந்து நிறையப் பேசினான். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பேசியதில்லை. பரிசம் எப்படிப் போடுவார்கள், தாலி முடிச்சை யார் போடுவார்கள், துரும்பை எந்தக் கையால் கிள்ளுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் பூரித்துப்போய் அடுத்த லயத்துக் கிழவிகளையெல்லாம் கூட்டி வந்து உட்கார வைத்தாள். தன் சின்னம்மாவைத் தீர்த்துவிட்ட கதையைச் சொல்லும்போது கண் கலங்கினாள். அவன் எழுதிக்கொண்டான். புருஷன் தன் பேச்சை எழுதி வைக்கிறான் என்ற பெருமையில் அவளுக்குத் தலைகால் தெரியவில்லை.

அப்போது விளையாட்டாகத்தான் கேட்டாள். "பொம்பளைக்குக் கிள்ளுறதுக்கு உரிம இல்லியா?"

"வழக்கத்துல இல்ல," என்றான் அவன், தலை நிமிராமல். "வழக்கம் என்னவோ அதத்தான் நான் எழுத முடியும்."

அந்த எழுத்துதான் லண்டனில் பட்டமாகியிருக்கிறது. புத்தகமாக அச்சாகி வந்திருக்கிறது. தோட்டத்து மக்களின் கல்யாண வழக்கங்களைப் பற்றி உலகத்திலேயே முதல் புத்தகம் என்று சுவரொட்டி பீற்றிக்கொண்டது. தன் வாயிலிருந்து பிடுங்கிய கதையை வைத்தே தன்னைத் தீர்த்துவிடப் போகிறான் என்று நினைத்தபோது வடிவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. கடித்தாள். அழவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பழி வாங்க வேண்டும் என்று தோன்றியது. அதை அவள் தனக்குத் தானே ஒளிக்கவும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் பேச்சியம்மா அவளுக்காகவே காத்திருந்தாள். பேச்சியம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. தலைவர் வீட்டில் பேச்சு முழுவதையும் தலைவரே பேசித் தீர்த்துவிடுவதால் அவளுக்கு மிஞ்சுவதில்லை.

"என்ன பண்ணப் போற?" என்று நேராகவே கேட்டாள்.

"தெரியலக்கா. ஆனா வீட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு இருக்க மாட்டேன்."

"மேடைக்கு ஏறணும்னா ஏறலாம்," என்றாள் பேச்சியம்மா, குடத்தை நிமிர்த்திக்கொண்டே. "ஹட்டன்காரங்க என்னமோ திட்டம் போட்டிருக்காங்க. விருந்தாளிங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொழுந்துப் பொம்பள, கூடையும் இடுப்புப் படங்குச் சாக்குமா மேல ஏறி, ஒரு கொத்துக் கொழுந்து குடுக்கணுமாம். போட்டோவுக்கு நல்லா இருக்குமாம். ஒம் புருசனுக்குக் குடுக்க என்னத்தான் சொல்லியிருக்கு, தலைவர் பொஞ்சாதின்னு." முட்டியை ஒருமுறை தடவிக்கொண்டாள். "எனக்கு இன்னைக்கு முட்டிவலி."

"அக்கா..."

"தலத்துணிய நல்லா இழுத்து விட்டுக்க. கூடக் கயிறு நெத்தியில இருந்தா பாதி மொகம் தெரியாது. அந்த மன்றத்துக்காரனுக்கு ஒன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. அவனுக்கு எல்லாக் கொழுந்துப் பொம்பளையும் ஒண்ணுதான்."

வடிவு அவளையே பார்த்தாள். பேச்சியம்மா இடுப்பிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து அவள் கையில் திணித்தாள். அதற்குள் கறுத்துப்போன ஒரு மானாப்புல் தாள் இருந்தது.

"எங்க வீட்டு நெலையில இருந்ததுதான். இத்தன வருஷமும் என்னப் பயங்காட்டுனது போதும். ஒரு நல்ல காரியத்துக்காவது ஒதவட்டும்."

வடிவு அதை மடியில் செருகிக்கொண்டாள். "தலைவர் கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"மொதல்ல அவரு மேல பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முட்டிவலிக்காரியின் நடை மாதிரி இல்லை அது.

மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. தலவாக்கலையிலிருந்து ஒலிபெருக்கி வந்திருந்தது. தேயிலை லொறியின் பலகைகளை அடுக்கி மேடை போட்டு, கமுகம் பூவும் வாழையும் கட்டியிருந்தார்கள். மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் ஒரு மேசை, அதன் மேல் மாலை போட்ட புத்தகம். சாமி படத்துக்கு மாலை போட்டுப் பார்த்திருக்கிறார்கள், புத்தகத்துக்குப் போட்டு அன்றுதான் பார்த்தார்கள்.

கலை மன்றச் செயலாளர் முத்துலிங்கம் ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவர். துணியை அளக்கும்போது கஞ்சத்தனம் பார்ப்பாரே தவிர, தமிழை அளக்கும்போது பார்ப்பதில்லை. ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விருந்தினரின் சாதனைகளை விரித்தார்.

"புவியியல் துறை விரிவுரையாளர் திருவாளர் அலோசியஸ் அவர்கள்! மலைச்சரிவுகளிலே மண் எங்கே சரியும், எப்போது சரியும் என்பதை வரைபடமாக வரைந்து முதுநிலை விரிவுரையாளராக உயர்ந்தவர்! தாவரவியல் துறைச் செல்வி சுகிர்தம் அவர்கள்! நமது தேயிலையைத் தின்று தீர்க்கும் கொப்புள நோயின் குடலையே உருவி ஆராய்ந்து, வெளிநாட்டு மாநாட்டிலே பதக்கம் பெற்றவர்! சமூகவியல் துறை கலாநிதி நல்லமுத்து அவர்கள்! இதே லயத்திலே பிறந்து, இதே மண்ணிலே தவழ்ந்து, நமது பெண்களின் தாலியின் பெருமையை லண்டன் மாநகரத்துக்கே எடுத்துரைத்தவர்!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப்பேருக்கு மேல் அன்று கோயிலுக்குப் பின்னால் நடக்கப் போகும் காரியம் தெரியும். தெரிந்தும் தட்டினார்கள். முன் வரிசையில் வேலாயி புதுச்சேலையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆண்டியப்பன் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நல்லமுத்து நன்றாகச் சதை போட்டிருந்தான். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, மடியில் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டு, யாருடைய கண்ணையும் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் சுகிர்தம். கண்ணாடி போட்ட, ஒல்லியான, தெளிந்த முகமுள்ள பெண். அவள்மேல் ஆத்திரம் வரும் என்று வடிவு எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. இவளையும் ஏமாற்றியிருக்கிறான், அவ்வளவுதான்.

"இப்போது நமது மலைநாட்டுக் கொழுந்துச் செல்விகள் தங்கள் கரங்களால் பசுந்தளிர் வழங்குவார்கள்!" என்று முத்துலிங்கம் முழங்கினார்.

முதல் பெண் ஏறி அலோசியசிடம் கொழுந்துக் கொத்தைக் கொடுத்தாள். இரண்டாவது பெண் சுகிர்தத்திடம் கொடுத்தாள். சுகிர்தம் எழுந்து நின்று வாங்கி, இலையைத் திருப்பி அடிப்பக்கம் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தாள். பழக்கம் விடவில்லை.

மூன்றாவதாக வடிவு ஏறினாள். கூடைக்கயிறு நெற்றியில் அழுத்தியது. நல்லமுத்துவுக்கு முன்னால் வந்து நின்று, தலைத்துணியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் கண்ணாரப் பார்த்தாள். அந்த ஒரு நொடிக்காக இன்னும் பத்து வருஷம் கொழுந்து கிள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"வடிவு," என்றான் அவன் உதடு அசையாமல். "எறங்கிப் போ. அப்பறம் பேசிக்கலாம்."

அவள் கொழுந்துக் கொத்தை அவனிடம் கொடுக்கவில்லை. மேசையில் வைத்தாள். மடியிலிருந்து மானாப்புல் தாளை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். என்னவோ அழகான காட்சி என்று நினைத்துப் போட்டோக்காரன் பளிச்சென்று ஒரு படம் எடுத்தான். மைதானத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரிந்தது. சளசளவென்ற பேச்சு அப்படியே நின்றது.

ஒலிபெருக்கி முத்துலிங்கத்தின் கையில், பக்கத்திலேயே இருந்தது. வடிவு சத்தம் போடத் தேவையே இருக்கவில்லை.

"குறை சொல்லாம துரும்பு கிள்ளக் கூடாது," என்றாள். "எனக்குன்னு தலைவர் எடுத்து வச்ச குறை ஒண்ணு இருக்கு. அது வீணாப் போக வேணாம். எம் புருசன் மலடு."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பிப் பாதியில் அடங்கியது. வடிவு தாளை இடது கையால் பிடித்து வலது கையால் கிள்ளினாள். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்களுக்குத் தாள் படக்கென்று ஒடிந்தது. ஒரு துண்டைத் தோளுக்குப் பின்னால் எறிந்தாள். மறு துண்டை அவன் மடியில், பொன்னாடையின் மேல் போட்டாள்.

"கொடுத்ததும் முடிஞ்சது. கொண்டதும் முடிஞ்சது."

கழுத்துக் கயிற்றை அவள் காலையிலேயே தளர்த்தி வைத்திருந்தாள். கழற்றி, மாலை போட்ட புத்தகத்தின் மேல் வைத்தாள்.

சுகிர்தம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்திக் கொடுத்தவள் அவள்தான். வரிக்கு வரி படித்திருந்தாள்.

"முத்து," என்றாள் நல்லமுத்துவிடம் மெதுவாக. "இது உங்க நாலாவது அத்தியாயத்துல வர்ற சடங்குதானே? அதுல புருசன்தானே பொண்டாட்டிக்குச் செய்வாருன்னு எழுதியிருந்தீங்க?" அவள் பார்வை புத்தகத்தின் மேல் கிடந்த தாலிக்குப் போய், அங்கிருந்து வடிவின் வெறும் கழுத்துக்கு வந்தது. "அப்ப இவங்க யாரு?"

நல்லமுத்து வாயைத் திறந்தான். லண்டனில் பெரிய பண்டிதர்களின் கேள்விக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்ன வாய். இந்தச் சின்னக் கேள்விக்குக் காற்றுகூட வரவில்லை.

அதற்குள் ஆண்டியப்பன் துள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "செல்லாது! இது செல்லாது! பொம்பள கிள்ளுனா துரும்பா அது? பஞ்சாயத்து ஒத்துக்காது! எறங்குடி கீழ!"

வடிவு இறங்கவில்லை. அவர் இதைத்தான் சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். விடிய விடிய அதற்காகத்தான் விழித்திருந்தாள்.

"செல்லாதா தலைவரே? ரொம்பச் சரி. செல்லாதுன்னா நான் இன்னும் இவரு பொண்டாட்டிதான். அத இந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க, அடுத்த மாசம் கண்டியில பதிவு வச்சிருக்காங்கல்ல?"

ஆண்டியப்பன் வாய்க்குள் வெற்றிலை அப்படியே நின்றது.

"செல்லும்னா, நான் கிள்ளுனது கிள்ளுனதுதான். கோயிலுக்குப் பின்னால ஒண்ணும் நடக்க வேணாம். மலடின்னு என்ன யாரும் சொல்லவும் வேணாம். குறை அவரோடது. இதுல எதுன்னு நீங்க சொல்ல வேணாம் தலைவரே. வழக்கத்தப் பத்தி லண்டன்ல படிச்சுப் பட்டம் வாங்குனவரு இங்கயே உக்காந்திருக்காரு. அவரே தீர்ப்புச் சொல்லட்டும்."

முத்துலிங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விருந்தினர் பேச வேண்டும் என்றால் ஒலிபெருக்கியைக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதை நல்லமுத்துவின் முன்னால் நீட்டினார்.

நல்லமுத்து ஒரு பக்கம் சுகிர்தத்தைப் பார்த்தான். மறு பக்கம் ஆண்டியப்பனைப் பார்த்தான். செல்லாது என்றால் பெண்டாட்டி இருக்கிறாள், கண்டிக் கல்யாணம் இல்லை. செல்லும் என்றால் ஊரறிய மலடு. தன்னை விடுவித்துக்கொள்ள அவனுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதையும் இவள்தான் திறந்து வைத்திருந்தாள். ஒலிபெருக்கி அவன் விழுங்கிய எச்சிலின் சத்தத்தைக் கோயில் வரைக்கும் கொண்டு போனது.

"செல்லும்," என்றான்.

"எல்லாருக்கும் கேக்கல," என்றாள் வடிவு.

"செல்லும்!"

"பொம்பள கிள்ளுனாலும்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "பொம்பள கிள்ளுனாலும் செல்லும்."

பெண்கள் பக்கத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"வழக்கம் என்னவோ அதத்தான் எழுத முடியும்னீங்க," என்றாள் வடிவு. "இன்னையிலேருந்து இதுதான் வழக்கம். எழுதிக்கங்க."

அவள் கூடைக்கயிற்றை நெற்றியில் சரிப்படுத்திக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இறங்கும் காலடி கேட்டது. சுகிர்தம். கையில் கொழுந்துக் கொத்து இருந்தது, விழாவில் கொடுத்த பொன்னாடையும் பூமாலையும் நாற்காலியிலேயே கிடந்தன. அவள் வடிவைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள்.

"தெரியும்," என்றாள் வடிவு. "தெரியணும்னுதானே ஏறுனேன்."

சுகிர்தம் தலையை ஆட்டிவிட்டு, வந்த காரில் ஏறாமல், தலவாக்கலை ரோட்டை நோக்கி நடந்தே போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் நல்லமுத்துவை ஏற்றிக்கொண்டு வேறு திசையில் போனது. தாயை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஞாபகம் அவனுக்கு வரவில்லை.

கூட்டம் கலைந்த மைதானத்தில் புதுச் சேலைக்காரி வேலாயி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வடிவு அவளைக் கடந்து போய்விடலாம் என்றுதான் பார்த்தாள். அந்தச் சேலையின் மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

"காம்பரா எம் பேருல இருக்கு," என்றாள், நின்ற இடத்திலிருந்தே. "இனி நீங்க எனக்கு மாமியாரும் இல்ல, நான் ஒங்களுக்கு மருமகளும் இல்ல. அந்தச் சேலையோட உள்ள வராதீங்க. பழசக் கட்டிக்கிட்டு வந்தா கஞ்சி இருக்கு."

வேலாயி அழுதுகொண்டே பின்னால் வந்தாள். வடிவு திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

லயத்துக்குப் போகும் வழியில் முதல் வாசல் தலைவருடையது. ஆண்டியப்பன் அவர்களுக்கு முன்னாலேயே விறுவிறுவென்று வந்து சேர்ந்து, வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"முட்டிவலியாம் முட்டிவலி! எவடி ஒன்ன அவள மேடையேத்தச் சொன்னது? இன்னைக்கு ஒன்ன என்ன பண்றேன் பாரு!"

சொல்லிவிட்டு, பழக்கப்படி நிலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

அங்கே ஒன்றும் இல்லை. இத்தனை வருஷப் புகையில் தாள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஒரு கோடு போலத் தெரிந்தது. அவர் ஒருமுறை தடவிப் பார்த்தார். தரையிலும் பார்த்தார். மைதானத்தில் முகத்துக்கு நேராகப் பிடித்த அந்தக் கறுத்த தாள் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பேச்சியம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். அவள் கொண்டையில், பூ வைக்கும் இடத்தில், ஒரு துரும்புத் துண்டு செருகியிருந்தது. வடிவு தோளுக்குப் பின்னால் எறிந்த பாதி, கூட்டம் கலையுமுன் மேடையடியிலிருந்து பொறுக்கி வந்தது.

"எதத் தேடுறீங்க?" என்று கேட்டாள்.

தலைவர் அவள் கொண்டையைப் பார்த்தார். வாசலில் நின்ற வடிவைப் பார்த்தார். லயத்து வாசல்களில் அங்கங்கே வந்து நின்றிருந்த பெண்களைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார்.

"அப்ப கை கழுவிட்டு வாங்க. ரொட்டி ஆறுது," என்றாள் பேச்சியம்மா.